ரத்த தானம் கொடுத்த நண்பனுக்கு ஹெபடைட்டிஸ் பி: விடுதியில் இனி என்ன செய்வது?

மெக்_மூன்றாமாண்டு

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். திருச்சி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். போன மாதம் கல்லூரியில் ரத்த தான முகாம் நடந்தது. நானும் என் அறை நண்பனும் கொடுத்தோம். ஜூஸ், பிஸ்கட், சான்றிதழ் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அப்புறம் அவனுக்கு மட்டும் ரத்த மையத்திலிருந்து போன். "நேரில் வாங்க, போனில் சொல்ல முடியாது" என்றார்கள். போனால், எச்பிஎஸ்ஏஜி என்ற பரிசோதனை 'ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறதாம். ஹெபடைட்டிஸ் பி. எச்ஐவி, ஹெபடைட்டிஸ் சி இரண்டும் இல்லை.

அந்தச் சீட்டை எவனோ பார்த்துவிட்டான். ராத்திரிக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் அறையில் ஐந்து பேர். ஒருத்தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டான். காப்பாளர் கூப்பிட்டு, "மெஸ்ஸில் தனித் தட்டு வச்சுக்கோ, முடிஞ்சா ஊருக்குப் போய் சரி பண்ணிட்டு வா" என்றாராம்.

அவன் முழங்கையில் ஒரு டாட்டூ இருக்கிறது, ஊர்த் திருவிழாவில் குத்தியது. இப்போது பேசுகிறவர்கள் எல்லாருக்கும் கண் அங்கேதான். "டாட்டூவாலயா, இல்ல வேற ஏதாவதா மச்சி?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். அவன் சாப்பிட இறங்குவதே இல்லை. நான்தான் டிபன் பாக்ஸில் எடுத்துப் போகிறேன்.

மெஸ்ஸில் பரவுமா? டாட்டூதான் காரணமா? குணமாகுமா? வீட்டுக்குச் சொல்லாமல் வைத்தியம் பார்க்க வழி உண்டா? அவனுக்கு அப்பா இல்லை. அம்மா தைத்துப் போட்டுத்தான் இவனையும் தங்கையையும் படிக்கவைக்கிறார்.

சோழமண்டலம்

தம்பி, இதுக்கா இவ்வளவு பயம்? மஞ்சள் காமாலைதானே. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுக்கச் சொல். உப்பு, புளி, எண்ணெய் கூடாது. எங்கள் பக்கத்தில் இதற்கென்றே மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எத்தனையோ பேர் எழுந்து நடமாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

லேப்_அக்கா

சோழமண்டலம் அண்ணா, நீங்கள் பார்த்தவர்கள் எழுந்து நடமாடியது உண்மைதான். அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ. அசுத்தத் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது. விடுதிகளில் ஒரே வாரத்தில் பத்துப் பேர் கண் மஞ்சளாகி விழுந்தால் அது அந்த வகை. மருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். பேர் யாருக்குப் போகிறது என்பதுதான் வேடிக்கை.

பி வேறு ஜாதி. ரத்தத்தின் வழியாக, உடலுறவின் வழியாக, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. தண்ணீரில் இல்லை, சோற்றில் இல்லை. அதனால் தம்பி, மெஸ் தட்டைத் தனியாக வைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. இருமல், தும்மல், கை கொடுப்பது, ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை எதிலும் பரவாது. பகிரக் கூடாதவை சவர பிளேடு, ட்ரிம்மர், டூத் பிரஷ், நகவெட்டி, ஊசி. பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆண்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரே ட்ரிம்மர் எத்தனை முகத்துக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் பயப்படுவதானால் அதற்குத்தான் பயப்படுவேன், தட்டுக்கு இல்லை.

எங்கள் பயிற்சியில் ஒரு கணக்கு சொல்லித்தருவார்கள். பாதிக்கப்பட்டவரைக் குத்திய ஊசி தவறுதலாக நம்மைக் குத்திவிட்டால், தொற்று வரும் வாய்ப்பு எச்ஐவிக்கு நூற்றுக்கு சுமார் 0.3, சி வகைக்கு 3, பி வகைக்கு 30 வரை. நாம் பயப்படும் வரிசை இதற்கு நேர் எதிர். ஆனால் இந்த மூன்றில் தடுப்பூசி இருப்பது பி வகைக்கு மட்டும்தான்.

ரத்த மையத்தில் 'ரியாக்டிவ்' என்றால் அந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்றக் கூடாது என்று முடிவு. அவன் நோயாளி என்ற தீர்ப்பு இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மறுபடி பார்க்க வேண்டும். உறுதியானால் அடுத்து ஆன்டி எச்பிசி ஐஜிஎம், கல்லீரல் சோதனை (எஸ்ஜிபிடி), கிருமி வேகமாகப் பெருகுகிறதா என்று காட்டும் எச்பிஇஏஜி, ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் டிஎன்ஏ சோதனை. ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் அண்மையில் வந்த தொற்றாக இருக்கலாம். நெகட்டிவ் என்றால் ரொம்ப நாளாக உள்ளே இருப்பது. நீ கேட்ட டாட்டூ கேள்விக்கு அங்கேதான் பாதிப் பதில் இருக்கிறது.

நல்லாசிரியன்

எல்லாரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். விடுதி என்றாலே இப்போது குடி, மாத்திரை, டாட்டூ, டேட்டிங் ஆப். கண்டிப்பு போய்விட்டது, பெற்றோருக்கு நேரமில்லை. திரிபுராவில் ஒரே வருடத்தில் 828 மாணவர்களுக்கு எச்ஐவி, 47 பேர் சாவு என்று பேப்பரில் வந்ததே, படிக்கவில்லையா? நாளைக்கு இங்கேயும் அதுதான். ஹெபடைட்டிஸ் வந்த பையனை முதலில் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

கணக்குப்புலி

ஐயா, அந்தச் செய்தியை நானும் 2024 ஜூலையில் படித்தேன். வாட்ஸப்பில் ஓடியது வேறு, உண்மை வேறு. 828 என்பது ஒரு வருடக் கணக்கே இல்லை. 2007 ஏப்ரல் முதல் 2024 மே வரை, அதாவது 17 வருடங்களில், அந்த மாநிலத்தின் ஏஆர்டி மையங்களில் (எச்ஐவிக்கு மருந்து கொடுக்கும் இடங்கள்) பதிவான மாணவர்களின் மொத்த எண்ணிக்கை. 47 மரணமும் அதே காலத்துக்கு. பரபரப்பானதும் திரிபுரா அரசே விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

அதற்காக அங்கே பிரச்சினை இல்லை என்று சொல்லவில்லை. ஊசி வழியாகப் போதை ஏற்றும் மாணவர்கள் இருப்பதாக 220 பள்ளிகளையும் 24 கல்லூரி, பல்கலைக்கழகங்களையும் அதே அதிகாரிகள் அடையாளம் கண்டார்கள். சின்ன மாநிலத்துக்கு இது பெரிய எண்ணிக்கை. ஆனால் அங்கே அடிப்படைக் காரணம் ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவது. டேட்டிங் ஆப்பையும் டாட்டூவையும் அதோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டினால் எதைத் தடுப்பது என்றே தெரியாமல் போய்விடும்.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா

நான் இந்தத் தளத்தில் சமையல் பகுதிக்கு மட்டும் வருபவள். தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன்.

எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. முதல் பிரசவத்துக்குப் பதிவு செய்தபோது எடுத்த ரத்தச் சோதனையில் தெரிந்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இதைப் பார்க்கிறார்கள். நான் பச்சை குத்தியதில்லை, ஊசி போட்டதில்லை, கல்யாணத்துக்கு முன் ஒருவரையும் தெரியாது. இதைச் சொல்ல வேண்டியிருப்பதே கேவலம், ஆனால் மாமியார் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பதால் சொல்கிறேன். டாக்டர் என் அம்மாவையும் அண்ணனையும் சோதிக்கச் சொன்னார். இருவருக்கும் இருந்தது. அம்மாவுக்கு எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் காலத்தில் ஊர் வைத்தியர் ஒரே கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் முக்கி எடுத்து வரிசையாகப் போடுவாராம். அதுவாக இருக்கலாம். பாட்டியிடமிருந்தே வந்திருக்கலாம்.

என் இரண்டு பிள்ளைகளுக்கும் பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், உடனடி எதிர்ப்பு சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போட்டார்கள். தாய்ப்பாலும் கொடுத்தேன். இருவருக்கும் தொற்று இல்லை. நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தச் சோதனையும் செய்துகொள்கிறேன். இதுவரை மாத்திரை தேவைப்படவில்லை.

அந்தத் தம்பியிடம் டாட்டூவை விட்டுவிட்டு அவன் அம்மாவுக்கும் தங்கைக்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

லேப்_அக்கா

இதைத்தான் அடுத்த பதிவில் எழுதலாம் என்று இருந்தேன், சகோதரி என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார். பிறக்கும்போது பி தொற்று வந்த குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது நிலைத்துவிடும். வளர்ந்தவர்களுக்கு வந்தால் தலைகீழ். நூற்றுக்கு தொண்ணூற்றைந்து பேர் ஆறு மாதத்துக்குள் தாங்களே கிருமியை விரட்டிவிடுவார்கள். ஆகவே ஒரு இருபது வயதுப் பையனுக்கு எந்த அறிகுறியும் இல்லாமல், முகாமில் தற்செயலாகத் தெரியவந்தால், குழந்தைப் பருவத்திலேயே வந்திருக்க வாய்ப்பு அதிகம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2022ல் இந்தியாவில் பி தொற்றோடு வாழ்பவர்கள் 2.98 கோடி. எல்லாரும் "வேற ஏதாவது" செய்தவர்களா?

இன்னொன்று. நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பி தடுப்பூசி 2002ல் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2011ல்தான் நாடு முழுக்க வந்தது. இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் அதற்கு நடுவில் பிறந்தவர்கள். சிலருக்குப் போட்டிருப்பார்கள், சிலருக்கு இல்லை. வீட்டில் அந்தப் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மறுபடி போட்டுக்கொள்வதில் கெடுதல் இல்லை.

சோழமண்டலம்

சரிம்மா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கீழாநெல்லியை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். வெளிநாட்டு டாக்டர்களே ஆராய்ச்சி செய்து நிரூபித்தார்கள் என்று படித்திருக்கிறேன்.

கணக்குப்புலி

நீங்கள் சொல்வது கட்டுக்கதை இல்லை அண்ணே, அது நடந்ததே நம் சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக 1976ல் நோபல் வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கும் சேர்ந்து செய்தது. 1988ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் தாய்லாந்திலும் மற்ற இடங்களிலும் அதே மாதிரி செய்து பார்த்தார்கள். அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் அது மருந்தாக நிலைக்கவில்லை. முதல் பாதியை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். ஆண்டுதோறும் ஜூலை 28ல் உலக ஹெபடைட்டிஸ் தினம் கொண்டாடுகிறோமே, அது அந்த பிளம்பெர்க்கின் பிறந்தநாள்.

லேப்_அக்கா

கூடவே ஒன்று. தேவைப்படுபவர்களுக்கு டெனோஃபோவிர் மாத்திரை இருக்கிறது, 2018ல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் இலவசம். கிருமியை முழுதாக ஒழிக்காது, அடக்கி வைக்கும். என்ன கலந்தது என்று தெரியாத பொடிகளும் சாராயமும்தான் இந்தப் பையன் இனி தொடக் கூடாதவை.

பழைய_காப்பாளர்

காப்பாளர்களை வில்லனாக்கிவிட்டீர்கள், அதனால் இரண்டு வார்த்தை. பதினான்கு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன். ஒரு பையனுக்கு ஏதோ தொற்று என்று தெரிந்தால் அடுத்த நாள் காலையில் நாற்பது அப்பாக்கள் போன் செய்வார்கள். "என் பையனை வேற பிளாக்குக்கு மாத்துங்க" என்பார்கள். நிர்வாகம் "பேர் வெளியே போகக் கூடாது" என்று மட்டும் சொல்லும். டெங்குவுக்கும் அம்மைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை வரும். இதற்கு ஒன்றும் வராது. தனித் தட்டு என்று சொன்னவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே முன்னெச்சரிக்கை அது.

அந்தப் பையனின் டாக்டரிடமிருந்து "சேர்ந்து சாப்பிடலாம், சேர்ந்து தங்கலாம்" என்று ஒரு சீட்டு வாங்கிக் காப்பாளர் கையில் கொடுங்கள். அவரிடம் விவாதம் செய்யாதீர்கள். காகிதம் கையில் இருந்தால் அவரால் அந்த நாற்பது அப்பாக்களுக்கும் பதில் சொல்ல முடியும்.

முன்னாள்_ஆலோசகர்

நம்பிக்கை மையம் ஒன்றில் ஆலோசகராக இருந்தேன். எச்ஐவி சோதனை செய்யும் இடத்துக்கு நம் மாநிலத்தில் அந்தப் பெயர்தான். அங்கே கல்லூரிப் பிள்ளைகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். முகக்கவசம், தலையில் தொப்பி, அடையாள அட்டையின் கயிறு மட்டும் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும். பக்கத்து மாவட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவார்கள். தன் ஊர் மையத்தில் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

உட்கார்ந்ததும் எல்லாரும் "ஃப்ரெண்டுக்காகக் கேட்கிறேன்" என்பார்கள். சரி என்று ஃப்ரெண்டைப் பற்றியே பேசுவேன். கேட்பது பெரும்பாலும் மூன்று விஷயம். ஆணுறை இல்லாமல் ஒருமுறை நடந்துவிட்டது. போதையில் என்ன நடந்தது என்றே நினைவில்லை. கடைசியாக, ரொம்பத் தயங்கி, ஊசி. முதல் இரண்டையும் கேட்பதற்கு ஓரளவு தைரியம் இருக்கும். ஊசியைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வராது. ஒரு பையன் முழுக்கைச் சட்டையைக் கடைசி வரை மடக்கவே இல்லை. ரத்தம் எடுக்க வேண்டும் என்றதும்தான் விஷயம் புரிந்தது.

வலி மாத்திரையை ஊசியாக ஏற்றுவது இங்கே சென்னை, கோவை, மதுரை என்று போலீஸ் செய்தியாக அடிக்கடி வருகிறது. பிடிபட்டவர்கள் எண்ணிக்கை வரும், மாத்திரை அட்டைகள் எண்ணிக்கை வரும். அவர்களுக்கு ஹெபடைட்டிஸ் சி பார்த்தார்களா என்று வராது. ஊசி மட்டும் புதிதாக இருந்தால் போதும் என்று பையன்கள் நினைக்கிறார்கள். கலக்கும் தண்ணீரும் பஞ்சும் பொதுவாக இருந்தாலே சி வகை போய்ச் சேர்ந்துவிடும். அதன் கிருமி எச்ஐவியைவிட வெளியில் அதிக நாள் தாங்கும்.

நல்லாசிரியன் ஐயாவுக்கு ஒன்று. 2000களின் தொடக்கத்தில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவரெல்லாம் எழுதினார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஊரே சிரித்தது, ராஜா என்று பெயர் வைத்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் ஆணுறை என்ற சொல்லை டீக்கடையில் பேச வைத்தது அந்த விளம்பரம். இன்றைக்கு எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான கல்லூரிச் செஞ்சுருள் சங்கத்தில் டிசம்பர் 1ம் தேதி ரிப்பன் வடிவத்தில் நின்று போட்டோ எடுப்பதோடு முடிகிறது. எல்லாக் கல்லூரியையும் சொல்லவில்லை, நான் போன பலவற்றில் அப்படித்தான்.

யாருக்காவது உதவுமென்றால்: எச்ஐவி அபாயம் நேர்ந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் தடுப்பு மருந்து உண்டு. 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, மறுநாள் காலை வரைகூடக் காத்திருக்காதீர்கள். அந்த நேரம் தாண்டிவிட்டால் சோதனைதான். மறுநாளே சோதித்து 'நெகட்டிவ்' என்று நிம்மதி அடைவது வீண். சில வாரம் கழித்தும், மூன்று மாதம் முடிந்ததும் பார்க்க வேண்டும். 1097 என்ற எண்ணில் கூப்பிட்டுப் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

பெயர்_வேண்டாம்

புதுக் கணக்கு. இதற்காகவே திறந்தேன்.

ஆலோசகர் சார் சொன்ன மூன்றாவது ஆள் நான். கல்லூரி இரண்டாம் வருடத்தில் ஒரு ஆறேழு மாதம். நாலு பேர் சேர்ந்து. இப்போது நிறுத்திவிட்டேன். கூட இருந்தவர்களில் ஒருவனுக்கு சி பாசிட்டிவ் என்று கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். நானும் பார்க்க வேண்டுமா? பார்க்கப் போனால் போலீஸுக்குச் சொல்வார்களா?

முன்னாள்_ஆலோசகர்

தம்பி, போலீஸுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் எங்களிடம் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள். சோதனை மருத்துவ விஷயம், அது உனக்கும் மருத்துவமனைக்கும் நடுவில். டாக்டரிடம் மட்டும் மறைக்காமல் சொல். அப்போதுதான் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும்.

தொந்தரவு இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதே. சி வகை பல வருடம் சத்தமே போடாது. முதலில் ஆன்டிபாடி சோதனை. அது பாசிட்டிவ் என்றால் கிருமி இப்போதும் இருக்கிறதா என்று ஆர்என்ஏ சோதனை. ஏனென்றால் சிலருக்குத் தானாகவே போயிருக்கும், ஆன்டிபாடி மட்டும் மிஞ்சியிருக்கும். இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் மாத்திரை. சோஃபோஸ்புவிர், டக்ளடாஸ்விர். பி வகையைப் போல இல்லை, இது முழுதாகக் குணமாகும். நூறில் தொண்ணூறுக்கும் மேலானவர்களுக்கு. இதுவும் அரசுத் திட்டத்தில் இலவசம். கூடவே எச்ஐவியும் பியும் பார்த்துவிடு. பி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்.

நிறுத்தியது லேசான காரியம் இல்லை. திரும்ப இழுக்கிறது என்றால் அதற்கும் மருத்துவம் உண்டு. அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் புப்ரினார்ஃபின் என்ற மாற்று மருந்து கொடுத்துப் படிப்படியாக விடுவிக்கும் மையங்கள் இருக்கின்றன. மற்ற மூன்று பேருக்கும் இதைச் சொல்ல முடியுமா பார்.

பெயர்_வேண்டாம்

இரண்டு பேரிடம் பேச்சே இல்லை. பார்க்கிறேன் சார்.

ஷார்ஜா_தமிழன்

வேலைப் பக்கத்தை யாரும் தொடவில்லையே. எச்ஐவி உள்ளவர்களுக்கு 2017 சட்டம் இருக்கிறது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில். கல்வி நிறுவனத்திலோ வேலையிலோ ஒதுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, நிலையை வெளியே சொல்லக் கூடாது. ஹெபடைட்டிஸ் பிக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. வளைகுடாவில் நிலைமை இன்னும் மோசம். சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு ஊரில் எடுக்கும் மெடிக்கலில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் 'அன்ஃபிட்'. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், டிப்ளமோ முடித்து, ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி, கடைசியில் அந்தச் சீட்டோடு திரும்பிய பையன்களை எனக்குத் தெரியும். மெக்கானிக்கல் பையன் என்பதால் சொல்கிறேன். கேம்பஸில் வெளிநாட்டு வேலை என்று வந்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளட்டும். ஊரிலேயே நல்ல கம்பெனிகள் நிறைய இருக்கின்றன.

தடுப்பூசி போட்டால் மெடிக்கலில் பாசிட்டிவ் காட்டும் என்று ஒரு வதந்தி உண்டு. போட்ட உடனே இரண்டு மூன்று வாரத்துக்குள் சோதித்தால் அரிதாகக் காட்டலாம், அதற்குப் பிறகு காட்டாது. தடுப்பூசியால் வருவது எதிர்ப்பு சக்தி, அது வேறு சோதனை.

நல்லாசிரியன்

நான் அந்தப் பையனைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எல்லாருமே தாயிடமிருந்துதான் வாங்கினார்கள் என்று ஆகிவிட்டால், தப்பு செய்பவனுக்கு அதுவே சாக்காகிவிடாதா? மேலே ஒரு தம்பி தானே எழுதியிருக்கிறார்.

கணக்குப்புலி

அந்தத் தம்பி எழுதினாரே, ஏன் எழுதினார்? இங்கே யாரும் அவரிடம் "உண்மையைச் சொல்" என்று கேட்கவில்லை, அதனால்தான். எப்படி வந்தது என்று டாக்டர் கேட்பது அடுத்து யாரைச் சோதிப்பது என்று தெரிந்துகொள்ள. விடுதியில் கேட்பது கதை பேச. 1986ல் இந்தியாவில் எச்ஐவி இருப்பதையே கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் ஒரு முதுநிலை மாணவி. செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில். 'நம் நாட்டில் அதெல்லாம் வராது' என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தைச் சேகரித்து, வேலூர் வரை கொண்டுபோய்ச் சோதித்தார். அவர்களில் ஆறு பேருக்கு இருந்தது. அவரிடம் ரத்தம் கொடுத்த பெண்களிடம் ஒழுக்கப் பாடம் நடத்தியிருந்தால் ஒரு குப்பி கிடைத்திருக்குமா?

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா

ஐயா, சாக்கு என்று சொல்லாதீர்கள். நான் என் அம்மாவிடம் போய் "உனக்கும் சோதிக்கணும்" என்று சொன்ன அன்று அவர் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டார். யார் மேலாவது பழி போட்டே ஆக வேண்டுமென்றால் அந்தப் பழி போய் நிற்கிற இடம் அப்படி.

மெக்_மூன்றாமாண்டு

எல்லோருக்கும் நன்றி. பரீட்சை நடுவில் எழுத முடியவில்லை.

அவனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். மறுபடி பாசிட்டிவ்தான். ஐஜிஎம் நெகட்டிவ், எஸ்ஜிபிடி சரியாக இருக்கிறது. டிஎன்ஏ முடிவு இன்னும் வரவில்லை. டாக்டர் டாட்டூவைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கே, யார் போட்டா?" என்று மட்டும் கேட்டார். அவன் சிரித்தே நாளாகிவிட்டது, அன்றைக்குச் சிரித்தான்.

வீட்டில் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. 'எனக்கு வந்திருக்கிறது' என்று தொடங்காமல், 'முகாமில் பார்த்தார்கள், வீட்டில் எல்லாரும் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள்' என்று தொடங்கச் சொன்னேன். அம்மாவுக்கு இருக்கிறது. தங்கைக்கு இல்லை, அவளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொஞ்சம் மாற்றம் இருக்கிறது, மாத்திரை தொடங்க வேண்டியிருக்கும் என்கிறார்களாம். இவனுக்குத் தெரியாமல் போயிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்றே அவனுக்குப் புரியவில்லை.

பழைய காப்பாளர் ஐயா சொன்னபடி டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்தோம். வாங்கி மேசை டிராயரில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. தனித் தட்டுப் பேச்சு அப்புறம் வரவில்லை. எங்கள் அறையில் நாங்கள் மூன்று பேர் சோதித்துக்கொண்டோம், மூவருக்கும் இல்லை. முதல் ஊசி போட்டாயிற்று. எங்கள் வகுப்பில் இன்னும் சிலர் போட வேண்டும் என்கிறார்கள், ஆனால் சோதனைக்குப் போனாலே பெயர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். பெண்கள் விடுதியில் செஞ்சுருள் சங்கத்து அக்கா ஒருவர் மொத்தமாக முகாம் போடலாமா என்று கேட்டிருக்கிறார். கல்லூரி முதல்வர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு சந்தேகம். இரண்டாவது ஊசி ஒரு மாதத்தில் என்றார்கள். அப்போது செமஸ்டர் லீவு, ஆளுக்கொரு ஊரில் இருப்போம். தள்ளிப்போனால் முதலிலிருந்து போட வேண்டுமா?

லேப்_அக்கா

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையை மட்டும் பத்திரமாக ஊருக்கு எடுத்துப் போங்கள், எந்த ஊரிலும் போட்டுக்கொள்ளலாம். ரொம்பத் தள்ளாதீர்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் குறைந்தது எட்டு வாரம் இருக்க வேண்டும், மூன்றாவது முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம். எல்லாம் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பு சக்தியைக் காட்டும் ஆன்டி எச்பிஎஸ் சோதனை பார்த்துக்கொண்டால் 10க்கு மேல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த ட்ரிம்மரை என்ன செய்தீர்கள்?

மெக்_மூன்றாமாண்டு

ஆளுக்கொன்று வாங்கிவிட்டோம் அக்கா.